வாணமா, வானமா?

"எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழா நோட்டீஸில் 'இரவு 10 மணிக்கு மாபெரும் வாணவேடிக்கை' என்று அச்சடித்திருக்கிறார்கள். வானத்தில் நடப்பது வானவேடிக்கைதானே? மூன்று சுழி ண எதற்கு? அச்சுப்பிழையை ஒருவரும் கவனிக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

14 அக்டோபர் 2024

நோட்டீஸில் இருப்பதுதான் சரி. வாணம் வேறு, வானம் வேறு. ராமபாணம், மன்மதபாணம் என்கிறோமே, அந்தப் பாணம் தமிழ் வாயில் வாணம் ஆனது. முதலில் அம்பு. அப்புறம் நெருப்போடு பறக்கும் அம்பு. அப்புறம் திருவிழாவில் சீறிக்கொண்டு மேலே போகும் எல்லாமே வாணம். ராக்கெட் என்ற சொல் வந்து சேர்வதற்கு முன்பு நம்மிடம் அதற்கு இருந்த பெயர் இதுதான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஈர்க்குவாணம் என்பார்கள். ஈர்க்குக் குச்சியில் கட்டிய வாணம். பொருளைப் பார்த்து வைத்த பெயர்.

14 அக்டோபர், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. 'அம்பு' என்றது உவமை இல்லை, போரில் பறந்ததையே சொன்னேன். ஹைதர் அலி, திப்பு காலத்து மைசூர்ப் படை இரும்புக் குழாயில் மருந்து அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டி எதிரிமேல் விட்டது. 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மண்ணைக் கவ்வியபோது இந்த வாணங்கள் பறந்தன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் ஆங்கிலேயர் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்துத்தான் வில்லியம் காங்ரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். நாம் கொடையில் அண்ணாந்து பார்ப்பது அந்த ஆயுதத்தின் வம்சம்.

16 அக்டோபர்

"வாணம் புரிந்தது, வேடிக்கை எங்கிருந்து வந்தது?" என்று அடுத்த கேள்வி.

நான் பிறந்தது சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அந்த வீட்டு அக்கா கல்யாணம், சடங்கு எல்லாவற்றையும் 'வேடுக' என்பார். விழா, கொண்டாட்டம் என்று பொருள். நம் வேடிக்கையும் அந்தச் சொல்லும் உறவுக்காரர்கள். ஆக வாணவேடிக்கை என்றால் வாணம் விட்டுக் கொண்டாடுவது.

ஆனால் தமிழில் அந்தச் சொல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது. கொண்டாட்டம் காட்சியானது. காட்சி தமாஷானது. கடைசியில் 'என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிற?' என்று திட்டும் சொல்லாகிவிட்டது. இதைப் பற்றி இன்னொரு விஷயம் எழுத வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

17 அக்டோபர்

எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கு உண்டு: 'எல்லாம் புஸ்வாணமாப் போச்சு'.

கட்சி மாநாட்டுக்குக் கூட்டம் வராவிட்டால் புஸ்வாணம். பெரிதாக விளம்பரம் செய்த படம் ஓடாவிட்டால் புஸ்வாணம். கிரிக்கெட்டில் முதல் ஆட்டக்காரர் சீக்கிரம் போனால் புஸ்வாணம். தோல்விக்கு இந்தப் பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் ஒரு புஸ்வாணத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருப்பாரா? திரி பற்றும்போது ஒரு சின்னச் சீறல், கால் நொடி மௌனம், அப்புறம் குபுகுபுவென்று பொங்கி ஆள் உயரத்துக்கு எழும்பி, குடை விரித்த மாதிரி நாலு பக்கமும் பொன்னாகக் கொட்டும். சத்தத்துக்குப் பயந்த பிள்ளைகூடக் கிட்ட வந்து பார்க்கும். எங்கள் பாட்டி அதைப் பூவாணம் என்றுதான் சொல்வாள்.

சீக்கிரம் அடங்கிவிடுவதால் அப்படிச் சொல்கிறார்கள் போல. எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. எந்த வெடிதான் விடிய விடிய வெடிக்கிறது?

19 அக்டோபர்

பெயர்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு, நினைவில் இருப்பவை:

சீனிவெடி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் சர்க்கரைக்கும் வெடிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு முறையாவது கேட்டிருப்போம். இலங்கையில் சீனவெடி என்கிறார்கள், அங்கே முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. சீனத்திலிருந்து வந்த வெடி. வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர் வந்ததும் சீனத்தால்தான். ஆகவே சம்பந்தம் இருக்கிறது, இனிப்பில் இல்லை.

மத்தாப்பு. எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். பாரசீகத்தில் மஹ்தாப் என்றால் நிலவொளி. உருது வழியாக வந்து மத்தாப்பு ஆனது. தீபாவளி வருவது தேய்ந்து தேய்ந்து நிலா இல்லாமலே போகும் நாட்களில். அந்த இருட்டில் பிள்ளையின் கையில் ஒரு கம்பி நிலாவைக் கொடுக்கிறோம்.

பிஜிலி என்றால் இந்தியில் மின்னல். ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலாவில் உள்ள வாலாவும் இந்திதான். சரத்தைத் தெருவில் நீளமாக விரித்துப் போடுவதால் 'வால்' என்று நினைத்திருந்தேன். இப்போதும் வால் என்று நினைக்கத்தான் பிடிக்கிறது.

பட்டாசு? கன்னடத்தில் படாகி, மலையாளத்தில் படக்கம், இந்தியில் படாகா, தெலுங்கில் டபாசு. எல்லாம் ஒரே சத்தத்தைக் காதில் கேட்டு வாயால் சொன்னவைதான். இதில் யார் யாரிடம் வாங்கினார்கள் என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

அணுகுண்டு. பச்சைச் சணல் நூல் சுற்றிய அந்தச் சின்னக் கட்டிக்கு ஹிரோஷிமாவை அழித்த குண்டின் பெயர். பிள்ளைகளின் வாயில் அது எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்று நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

20 அக்டோபர்

முதல் நாள் 'மருந்து அடைத்து' என்று எழுதினேன். "வெடிமருந்து என்று முழுதாக எழுதக் கூடாதா, படிப்பவருக்குக் குழப்பம்" என்கிறார் ஒருவர். எங்கள் வீட்டில் முழுதாகச் சொல்ல மாட்டோம். மருந்து என்றால் அதுதான்.

அம்மா 17 வருடம் பயராபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி செய்தால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்தால் பயராபீஸ். 1920களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். மழை குறைந்த பூமி, காற்றில் ஈரம் இல்லை, வானம் பார்த்த விவசாயத்தில் வேலையும் இல்லை. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. விவசாயத்தில் கைக்கு வேலை கிடைக்காத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

அம்மா அடைத்தது புஸ்வாணம். 17-ஆம் தேதிக் குறிப்பில் நான் கோபப்பட்டதன் காரணம் இதுதான், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அட்டைக் கூம்பைக் கவிழ்த்து வைத்து மருந்தைக் கொட்டி, கட்டையால் அமுக்கி, அடியில் களிமண் வைத்து மூடுவாள். மருந்தை அமுக்குவதில்தான் கை தெரியும். இறுக்கினால் வெடித்துவிடும், தளர்ந்தால் பொங்காமல் வழியும். எண்ணிக்கைக்குக் கூலி. வெடியுப்பு, கந்தகம், கரி, அதோடு வெள்ளையாகப் பொரிய அலுமினியப் பொடி.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் மேலெல்லாம் வெள்ளி. கையில், கழுத்து மடிப்பில், காது மடலில், புருவ மயிர் ஒவ்வொன்றிலும். துணி சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் சாம்பல் நிறக் கோடு போகாது. அந்தக் கையால்தான் சோறு பிசைந்து ஊட்டினாள். எனக்கு நாலைந்து வயது. என் அம்மா மின்னுகிறாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

'இன்னைக்கு மருந்து ஈரம்', 'மருந்து சூடாயிருச்சுன்னு வெளிய வந்துட்டோம்' என்று வீட்டில் பேசுவார்கள். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். 'மருந்து குடி' என்று கரண்டியை நீட்டினாள். வயிற்றுக்குள் போய் வெடித்துவிடும் என்று வாயைத் திறக்கவே இல்லை. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவும் இல்லை. தானே ஒரு வாய் குடித்துக் காட்டினாள்.

20 அக்டோபர், இரவு

தம்பி படித்துவிட்டுச் சொல்கிறான்: பாம்பு மாத்திரை, ஊசிவெடி இரண்டையும் சேர்த்துக்கொள். மருந்து, மாத்திரை, ஊசி என்று பட்டாசுக் கடையில் ஒரு ஆஸ்பத்திரியே இருக்கிறது.

23 அக்டோபர்

திருத்தம். புஸ்வாண வழக்கு பற்றி நான் எழுதியது தவறாக இருக்கலாம். இதுவும் தம்பி சொன்னது.

வெடிக்காமல் போன வெடிகளை மறுநாள் காலையில் பொறுக்குவோம், நினைவிருக்கிறதா? தெருவெல்லாம் சிவப்புக் காகிதக் குப்பை, அதில் திரி மட்டும் கருகிய வெடிகள். அவற்றை நடுவில் ஒடித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டி நெருப்பு வைப்போம். 'புஸ்'ஸென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். அதற்கும் நாங்கள் வைத்திருந்த பெயர் புஸ்வாணம். வெடியாகப் பிறந்து வெடிக்காமல் புஸ் ஆனது. 'புஸ்வாணமாப் போச்சு' என்ற பேச்சு அந்த ஒடிந்த வெடியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறான் தம்பி. 'ஆச்சு' இல்லை, 'போச்சு' என்கிறோம், கவனி என்றான். வேறொன்றாக இருந்தது இப்படிப் போயிற்று.

எனக்கு இது சரியாகப் படுகிறது, மனதுக்கும் ஆறுதலாக இருக்கிறது. அந்த வழக்கில் அடிபடுவது அம்மா அடைத்த கூம்பு இல்லை.

(ஒடித்துக் கொளுத்துவது மிகவும் ஆபத்தான வேலை. அந்த விளையாட்டில் விரலைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. யாரும் செய்ய வேண்டாம்.)

24 அக்டோபர்

வேட்டு பற்றியும் ஒரு வரி. திருவிழாவில் அதிர்வேட்டு போட்டால் மரியாதை. 'அவன் வேலைக்கு வேட்டு வைத்துவிட்டான்' என்றால் துரோகம். சாமி புறப்பாட்டுக்கும் வேட்டு, எங்கள் பக்கம் சாவு ஊர்வலத்துக்கும் வேட்டு. சத்தம் ஒன்றுதான். கேட்கிறவர் தூரத்தில் இருந்தால் கல்யாணமா சாவா என்று தெரியாது, யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

26 அக்டோபர்

16-ஆம் தேதி தள்ளிப்போட்டதை இப்போது எழுதுகிறேன். வேடிக்கை பற்றி. அதற்கு முன் வெடித்தல் பற்றி.

கரிசலில் இந்த வினைச்சொல்லுக்கு மூன்று விதமான உயிர் உண்டு. தை, மாசியில் 'பருத்தி வெடிச்சிருக்கு' என்பார்கள். காய் பிளந்து வெள்ளை வெள்ளையாகச் சிரிக்கும், காலையில் பனி காய்ந்ததும் பெண்கள் மடி கட்டிக்கொண்டு இறங்குவார்கள். நல்ல செய்தி. வைகாசி வெயிலில் 'நிலம் வெடிச்சுக் கிடக்கு' என்பார்கள். கரிசல் மண் காய்ந்தால் முழங்கால் போகும் அளவுக்குப் பாளம் பாளமாகப் பிளக்கும். அந்த வெடிப்பில் என் செருப்பு ஒன்று விழுந்து கடைசி வரை கிடைக்கவே இல்லை. கவலைப்பட வேண்டிய செய்தி, ஆனால் மழை வந்தால் மூடிவிடும்.

மூன்றாவது, 'ஆபீஸ் வெடிச்சிருச்சு'. இந்த வாக்கியத்துக்கு எழுவாய் போதும், எந்த ஆபீஸ் என்று கேட்பதற்குள் தெரு காலியாகிவிடும். முதலில் தரை ஒரு தடவை தூக்கிப்போடும். ஜன்னல் கம்பி அதிரும். அப்புறம்தான் சத்தம். எந்தத் திசையில் புகை என்று எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். எங்கள் வீட்டில் மாடி இல்லை. நான் வேப்பமரத்தில் ஏறிப் பார்ப்பேன். அம்மா வேலை பார்த்த திசை கிழக்கு. புகை மேற்கே என்றால் கால் நடுக்கம் நிற்கும். நின்ற பிறகு வெட்கமாக இருக்கும், மேற்கிலும் யாரோ ஒருத்தியின் அம்மா இருப்பாளே என்று.

மறுநாள் நாளிதழில் வரும் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: 'மருந்துக் கலவை தயாரிக்கும்போது உராய்வு ஏற்பட்டு'. 'மணிமருந்து' என்ற சொல்லும் அடிக்கடி வரும். பேன்சி ரகத்தில் வானத்தில் பூப்பூவாக விரிகிறதே, அந்த ஒவ்வொரு பூவுக்கும் உள்ளே இருக்கும் மருந்து உருண்டை அது. மணி என்றால் நெல்மணி, முத்துமணி என்று எவ்வளவு அழகான சொல். எங்கள் மாவட்டத்தில் அதைச் செய்தித்தாளில் பார்த்தாலே அடுத்த வரியில் எண்ணிக்கை இருக்கும்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. நான் அப்போது மதுரையில் இருந்தேன். ஏறத்தாழ 40 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. தீயைக் கண்டு சுற்று ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் நெருங்கிய பிறகு பெரிய வெடிப்பு நடந்தது.

'வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்டார்கள்' என்று பேருந்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். நான் யாரிடமும் சண்டைக்குப் போகிறவள் இல்லை. அன்று எழுந்து போய்ச் சொன்னேன்: 'அண்ணே, அவங்க வேடிக்கை பார்க்கப் போகல. உள்ள ஆள் இருக்குன்னு தூக்கப் போனாங்க.' எல்லோரும் தூக்கத்தான் போனார்களா, பார்க்கப் போனவர்கள் ஒருவரும் இல்லையா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் புகையைக் கண்டு ஓடும் கால்களை எனக்குத் தெரியும். அதில் என் காலும் இருந்திருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு வேறு ஏதாவது பெயர் வையுங்கள், வேடிக்கை என்று வைக்காதீர்கள்.

27 அக்டோபர்

"அப்படியானால் பட்டாசே வேண்டாம் என்கிறீர்களா?"

இல்லை. அந்தக் கூலியில்தான் நானும் தம்பியும் படித்தோம். ஒரு அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்றால் உட்காரக் கூடாது, மரத்தடியில் வைத்து வேலை வாங்கக் கூடாது என்றால் வாங்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான். அவசரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் கடைக்காரருக்கும் வாங்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

28 அக்டோபர்

பசுமைப் பட்டாசு என்றால் பச்சை நிறத்தில் எரியுமா என்று ஒரு சிறுவன் சார்பில் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. எரியும் நிறத்துக்கும் பெயருக்கும் தொடர்பு இல்லை, புகை குறைவு என்பதற்காக வைத்த பெயர். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு, பச்சைக்குப் பேரியம். இதில் பேரியம் உப்பைத்தான் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. சரவெடியும் அதே தீர்ப்பில் போயிற்று. பச்சைக்குப் பேர்போன உப்பு போன பிறகு பெயரில் பசுமை வந்திருக்கிறது என்று அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்.

31 அக்டோபர், தீபாவளி

வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதற்குள் முடித்தாயிற்று.

தம்பி மகன் ஒரு பெட்டி புஸ்வாணம் வாங்கி வந்திருந்தான். அம்மா கேட்டு வாங்கினாள். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் மண்ணை அழுத்தினாள். காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாக ஆட்டினாள். உள்ளே சரசரவென்று கேட்டால் மருந்து தளர்ச்சி. பத்தையும் அப்படியே பார்த்து மூன்றைத் தள்ளி வைத்தாள்.

"இது வழியும். இதுல ஒண்ணு வெடிச்சாலும் வெடிக்கும். பிள்ளை கையில குடுக்காத."

"அடைச்சவங்க சரியில்லையா அப்பத்தா?" என்றான் அவன்.

"அப்படிச் சொல்லாதய்யா. சாயங்கால நேரத்துல அடைச்சிருப்பா. கை ஓஞ்சிருக்கும்."

ஏழும் நன்றாகப் பூத்தன. மூன்றையும் வாளித் தண்ணீரில் போட்டோம்.

2 நவம்பர்

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். 'வானவேடிக்கை தவறு' என்று அடித்துச் சொன்னேன். அகராதிப்படி அதுதான் சரி, மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அம்மா, தம்பி, அவன் மகன் மூவர் வாயிலும் ணகரமும் னகரமும் ஒன்றாகத்தான் விழுகின்றன. காதால் கேட்டு வளர்ந்த பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லைக் கேட்கிறது. அது வானம் என்று எழுதினால் மதிப்பெண் குறைக்கலாம், திட்ட வேண்டாம். நோட்டீஸ்காரர் சரியாகப் போட்டிருக்கிறார், அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

13 டிசம்பர், கார்த்திகை

இது தலைப்புக்குக் கொஞ்சம் விலகியது. ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மாவளி சுற்றினோம். தெரியாதவர்களுக்கு: ஆண் பனையின் காய்ந்த பூப்பாளையைக் குழியில் போட்டு எரித்து, அணைகிற பதத்தில் மண்ணால் மூடிக் கரியாக்க வேண்டும். கரியை இடித்துக் கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுருட்டி இறுக்கிக் கட்ட வேண்டும். பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவில் அதைச் செருகி, கயிறு கட்டி, நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும்.

பனை கிடைக்கத்தான் அலைச்சல். தம்பி ஊருக்குப் போய்ப் பாளை கொண்டு வந்தான். நாள் முழுக்கத் தூறல். கரி நமத்துப்போகும் என்று அம்மா அடுப்படியில் தகரடப்பாவுக்குள் வைத்திருந்தாள். எட்டு மணிக்குத் தூறல் விட்டது, தெருவில் இறங்கினோம். முதல் நாலு சுற்றில் ஒன்றும் இல்லை, வெறும் புகை. 'விடாமச் சுத்து, காத்துப் பிடிக்கட்டும்' என்றாள். அப்புறம் பிடித்தது. ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக, சத்தமே இல்லாமல், ஈரத் தெரு முழுக்க இரண்டு மடங்காகத் தெரிந்தது.

"இதுல மருந்து எங்க அப்பத்தா இருக்கு?" என்றான் பேரன்.

"மருந்தே கிடையாது. கரியும் உப்பும்தான்."

அவன் நம்பவில்லை. அணைந்ததும் துணியைப் பிரித்துப் பார்த்தான், கையெல்லாம் கரி. மிச்சக் கரி அரை டப்பா இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று மூடியைத் தட்டி இறுக்கிப் பரணில் ஏற்றியாயிற்று.